கமராவின் உள்ளே தூசி புகாமல் துப்புரவு செய்வது எப்படி

மாசி, பங்குனியில் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் பெரும்போக அறுவடை நடக்கும்போது படம் எடுக்கப் போனவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். அறுவடை இயந்திரம் வயலின் மூலையில் திரும்பும்போது எழும் பதரும் சுணையும் வெயிலில் பொன்னிறமாக மிதக்கும். படத்துக்கு அது அழகு. அன்றிரவு படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், நீல வானத்தின் நடுவே மங்கலான சாம்பல் நிறப் புள்ளிகள் ஐந்தாறு நிற்கும். எந்தப் படத்தைத் திறந்தாலும் அதே இடத்தில் அதே புள்ளிகள்.

அப்படிப்பட்ட புள்ளிகளை எடுக்கத்தான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நானும் உட்கார்ந்தேன். கட்டில் விரிப்பின் மேல் கமராவை வைத்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. மூலையில் நுளம்புச் சுருள் புகைந்தது. லென்ஸைக் கழற்றி, மூடியை மல்லாக்க விரிப்பில் வைத்துவிட்டு, இறப்பர் குமிழால் நன்றாக ஊதினேன். மறுநாள் காலை சோதனைப் படம் எடுத்துப் பார்த்தபோது ஐந்து புள்ளிகள் இருபதுக்கு மேல் ஆகியிருந்தன. அவற்றில் ஒன்று சுருண்ட நூலிழையாகவே தெரிந்தது. அது கட்டில் விரிப்பின் பஞ்சு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். வயலிலும் கடற்கரையிலும் ஒரு வருடமாகச் சேராத தூசி, துப்புரவு செய்த பத்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டது.

ஆகவே புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கமராவின் உட்புறத்தைத் துப்புரவு செய்வதில் பெரும்பகுதி லென்ஸைக் கழற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அறை, கை, சட்டை, மூடி, ஊதுகிற குமிழ், கமராவின் வெளிப்புறம் எல்லாம் ஒழுங்காக இருந்தால் உள்ளே இரண்டு நிமிட வேலைதான்.

இங்கே எழுதுவது லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய வகைகளுக்கு: கண் வைத்துப் பார்க்கும் விழியேற்றிக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடி உள்ளே இருக்கும் டி.எஸ்.எல்.ஆர்., அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். லென்ஸ் கழலாத சிறிய கமராவுக்குள் தூசி புகுந்தால் அதைத் திருத்துபவரிடம் கொடுங்கள். திருகாணியைக் கழற்றித் திறக்க வேண்டாம். பிளாஷ் உள்ள கமராவில் பற்றரியை எடுத்த பின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கி நிற்கும். கை பட்டால் ஆபத்து.

முதலில், தூசி உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா?

பலர் இதைப் பார்க்காமலே திறந்துவிடுகிறார்கள். சோதனை எளிது. காலையில் மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 100இலும் லென்ஸின் துவாரம் எஃப் 16 அல்லது எஃப் 22இலும் இருக்கட்டும். தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, வேண்டுமென்றே குவியம் தவறவிட்டு ஒரு படம் எடுங்கள். கை அசைந்தாலும் பரவாயில்லை. சுவரின் கறைகள் கலங்கிப்போகும். லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதியும் சென்சரில் இருக்கும் தூசி மட்டும் அசையாமல் நிற்கும். பிறகு வேறு லென்ஸை மாட்டி இன்னொரு படம். புள்ளி அதே இடத்தில் இருந்தால் சென்சரின் தூசி. மறைந்துவிட்டால் பழைய லென்ஸில்தான் பிழை, கமராவைத் தொட வேண்டியதில்லை.

எஃப் 16 ஏன் என்று கேட்பார்கள். எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். சென்சருக்கு முன்னால் மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. தூசி ஒட்டுவதும் நாம் துடைப்பதும் அந்தக் கண்ணாடியைத்தான், சென்சரை அல்ல. துவாரம் அகலமாக இருந்தால் ஒளி பல பக்கமிருந்தும் வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். துவாரம் சிறுத்தால் ஒளி நேராக வரும், நிழலும் கூர்மையாக விழும். எஃப் 2.8இல் திருமண முகப்படங்கள் மட்டும் எடுப்பவருக்கு இந்தத் தூசி ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாது. அப்படிப்பட்டவர் ஒன்றிரண்டு புள்ளிகளுக்காகக் கமராவைத் திறக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எப்போதாவது தெரிந்தால் கணினியில் அழித்துவிடலாம்.

விழியேற்றியில் மட்டும் தெரியும் தூசி படத்தில் வராது. டி.எஸ்.எல்.ஆர். கமராவில் அது குவியத் திரையில் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் உருவத்தைத் தலைகீழாக விழுத்துவதால், படத்தின் மேல்பக்கம் தெரியும் புள்ளி சென்சரின் கீழ்ப்பக்கம் இருக்கும். கமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது இடம் இடமாகவே இருக்கும், வலம் வலமாகவே இருக்கும். மேல் கீழ் மட்டும் மாறும்.

நாளும் அறையும்

நம் ஊரில் காற்றைப் பார்த்துத்தான் நாளைத் தெரிவு செய்ய வேண்டும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மேற்கிலிருந்து வரும் வரண்ட சூட்டுடன் வயல் புழுதியும் கிரவல் வீதிப் புழுதியும் சேர்ந்து வரும். பூட்டிய யன்னலின் ஓரத்திலும் மெல்லிய படை படியும். அந்த மாதங்களில் பகலில் கமராவைத் திறக்க வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்கள் பின்னேரக் கடற்காற்றையும் தவிர்க்க வேண்டும், உப்பு ஈரம் தூசியைவிடத் தொல்லை. காற்று அடங்கிய அதிகாலையோ இரவோதான் நல்லது. மழை பெய்து ஓய்ந்த இரவு கிடைத்தால் இன்னும் நல்லது. காற்றிலிருந்த தூசியை மழை கழுவி இறக்கியிருக்கும்.

அறைகளில் எனக்குப் பிடித்தது குளியலறை. கேட்கப் புதினமாக இருக்கும். அங்கே திரைச்சீலை இல்லை, மெத்தை இல்லை, பாய் இல்லை, பஞ்சு இல்லை. தரையையும் சுவரின் கீழ்ப்பாதியையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, யன்னலை மூடி, அரை மணி நேரம் கதவைச் சாத்தி வைத்தால் மிதக்கும் தூசி ஈரத் தரையில் படிந்துவிடும். வெந்நீரின் ஆவி மட்டும் கூடாது, கண்ணாடியில் பனித்துவிடும். குளியலறை வசதிப்படாதவர்கள் பொருட்கள் குறைந்த அறை ஒன்றில் மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். தும்புத்தடியால் கூட்டக் கூடாது. கூட்டினால் அடங்கிக் கிடந்த தூசியெல்லாம் எழும்பிவிடும்.

மின்விசிறியை வேலைக்கு அரை மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். குளிரூட்டியையும்தான். வேர்க்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வேர்வை கமராவில் சொட்டாதபடி நெற்றியைத் துடைத்துக்கொண்டு தொடங்குங்கள். நுளம்புச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் அன்று அந்த அறையில் வேண்டாம். சுருளின் சாம்பல் ஒரு விரல் அசைவுக்கே பறக்கக்கூடியது.

தோளில் துவாயும் இடுப்பில் பருத்திச் சாரமுமாக உட்கார வேண்டாம். வழுவழுப்பான, நூல் உதிராத சட்டையை அணியுங்கள். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காற்றில் உலரவிடுங்கள். பவுடர் பூசிய கையோடு கமராவைத் திறப்பது மாவு டப்பாவைக் கமராவுக்குள் தட்டுவதற்குச் சமம்.

வெளிப்புறம், மூடி, குமிழ்

லென்ஸ் மாட்டியபடியே இருக்கட்டும். முதலில் மென்மையான தூரிகையால் கமராவின் மேற்பகுதி, பொத்தான்களின் இடுக்கு, பிளாஷ் மாட்டும் இடம், விழியேற்றியின் இறப்பர் வளையம் எல்லாவற்றையும் தட்டுங்கள். பிறகு சற்றே ஈரமாக்கிய மைக்ரோபைபர் துணியால் துடையுங்கள். லென்ஸும் உடலும் சேரும் வளையத்தின் இடுக்கைக் கவனமாகப் பாருங்கள். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால், அந்த மயிரிழை இடைவெளியில் மண்ணும் துணிப்பஞ்சும் கோடு போட்டதுபோல நிற்பது தெரியும். லென்ஸைத் திருகிய கணமே அந்தக் கோடு உடைந்து உள்ளே விழும். நான் இந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் செலவழிக்கிறேன். கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, தூரிகையின் நுனியால் வெளியே நோக்கி இழுக்க வேண்டும்.

கமரா மூடியையும் லென்ஸின் பின்மூடியையும் யாரும் கழுவுவதில்லை. மாதக்கணக்கில் பையின் அடியில் கிடந்து, சட்டைப் பையில் இருந்து, அப்படியே கமராவின் வாயில் பொருந்துவது அதுதான். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கலந்து கழுவி, நன்றாக அலசி, முழுதாக உலர்ந்த பின் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கழுவி வைத்துவிட்டால் அவசரம் இருக்காது. கமராப் பையையும் அன்று கவிழ்த்துத் தட்டி, வெளியில் வெயில் காட்டுங்கள்.

இறப்பர் குமிழை, புளோவர் என்று கேட்டால் கமராக் கடையில் கொடுப்பார்கள். காற்றை உள்ளிழுக்க அடியில் தனி வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மருந்துக் கடையில் விற்கும், குழந்தையின் மூக்குச் சளி எடுக்கும் குமிழ் ஊதிய வாயாலேயே காற்றைத் திரும்ப இழுக்கும். கிளப்பிய தூசியை விழுங்கி அடுத்த ஊதலில் சென்சர் மேலே துப்பும். புதுக் குமிழின் உள்ளே உற்பத்தியின்போது தூவிய தூள் இருக்கலாம். முற்றத்தில் நின்று முப்பது நாற்பது தடவை அழுத்தி ஊதி வெளியேற்றுங்கள். பிறகு அதைச் சுத்தமான பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

வாயால் ஊதவே கூடாது. எச்சில் துளி தூசியைவிட மோசம், காய்ந்தால் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். டயர் ஒட்டும் கடையின் காற்று இயந்திரத்தில் எண்ணெயும் நீரும் கலந்திருக்கும், அமுக்கமும் அதிகம். தகர டப்பாவில் வரும் அழுத்தக் காற்று சில நேரம் உறையும் திரவமாகவே பீச்சும். மூன்றையும் மறந்துவிடுங்கள்.

திறப்பதும் ஊதுவதும்

கமராவின் மெனுவில் தானியங்கிச் சென்சர் துப்புரவு இருந்தால் முதலில் அதை மூன்று நான்கு தடவை இயக்குங்கள். வடிகட்டிக் கண்ணாடியை நுண்ணிய அதிர்வால் குலுக்கித் தூசியை உதிர்க்கும் முறை இது. ஒலிம்பஸ் நிறுவனம் 2003இல் ஈ-1 கமராவில் கொண்டுவந்தது, பிறகு மற்ற நிறுவனங்களும் தத்தம் கமராக்களில் சேர்த்துக்கொண்டன. இயக்கும்போது கமராவை மேசையில் நிமிர்த்தி வையுங்கள், உதிர்வது கீழே போகட்டும். பல நாள் இதுவே போதுமாகிவிடும்.

போதவில்லையென்றால் பற்றரியை முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். டி.எஸ்.எல்.ஆர். கமராவில் உள்ளே இருக்கும் கண்ணாடியும், சென்சரை மறைக்கும் ஷட்டரும் பற்றரியின் சக்தியில்தான் திறந்து நிற்கும். நடுவில் சக்தி தீர்ந்தால் கண்ணாடி விழும், ஷட்டர் மூடும். அப்போது உள்ளே ஏதாவது இருந்தால் இரண்டும் சேதமாகும்.

இனிச் செய்வதெல்லாம் கவிழ்த்த நிலையில். கமராவின் வாய் தரையைப் பார்க்க வேண்டும், லென்ஸின் பின்புறமும் தரையைப் பார்க்க வேண்டும், மூடியும் குப்புறவே கிடக்க வேண்டும். கமராவை முக்காலித் தாங்கியில் மாட்டிக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் இரண்டு கையும் ஓய்வாகும். தாங்கி இல்லாதவர் இடக்கையால் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம்.

கமராவை அணைத்துவிட்டு லென்ஸைக் கழற்றுங்கள். லென்ஸின் பின்மூடியை உடனே மாட்டிவிடுங்கள். டி.எஸ்.எல்.ஆர். என்றால் முதலில் கண்ணாடி இறங்கிய நிலையிலேயே, அந்தப் பெட்டி போன்ற பகுதியை ஊதுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே சென்சருக்குப் போனால் பெட்டியின் மூலைகளில் கிடக்கும் தூசி சென்சரில் ஏறும். ஏழெட்டு ஊதல் போதும். பிறகு கமராவை இயக்கி, மெனுவில் கையால் துப்புரவு செய்யும் தெரிவைக் கொடுங்கள். கண்ணாடி மேலே போகும், ஷட்டர் திறக்கும், சென்சர் தெரியும். மிரர்லெஸ் கமராவில் கண்ணாடி கிடையாது, சென்சர் நேரே தெரியும். சில வகைகள் அணைத்தால் ஷட்டரை மூடிக்கொள்ளும். அவற்றுக்கும் மெனுத் தெரிவு வேண்டும்.

குமிழை முதலில் வெளிப்பக்கம் திருப்பி இரண்டு தடவை ஊதுங்கள். பிறகு நுனியைக் கமராவின் உலோக வளையத்துக்கு வெளியிலேயே நிறுத்தி, கீழிருந்து மேல்நோக்கி, விட்டுவிட்டு அழுத்தமாகப் பத்துத் தடவை. நுனி வளையத்தைத் தாண்டக் கூடாது. கை தளர்ந்து ஒரு தடவை இடித்தால் அந்தக் கீறல் எந்தத் துப்புரவுக்கும் போகாது. ஊதிய பின் பத்து விநாடி அப்படியே கவிழ்த்து வைத்திருங்கள். கிளம்பிய தூசி கீழே இறங்கட்டும். அதன் பின் கமராவை அணைத்து, லென்ஸின் பின்புறத்தைக் கவிழ்த்தபடி ஊதி, கமரா கவிழ்ந்திருக்கும்போதே கீழிருந்து மாட்டுங்கள்.

மறுபடியும் எஃப் 16இல் சோதனைப் படம். புள்ளி குறைந்திருந்தால் இன்னொரு முறை ஊதிப் பார்க்கலாம். மூன்று முறைக்குப் பிறகும் அசையாத புள்ளி ஒட்டிய அழுக்கு. பொத்துவில், அறுகம்பைப் பக்கம் அலைச்சறுக்குப் படமெடுப்பவர்களுக்கு உப்புத் துளியும், பாண்டிருப்புத் தீமிதிப்பு போன்ற இடங்களில் நெருப்புக்கு அருகே நின்றவர்களுக்கு எண்ணெய்ப் புகையும் இப்படி ஒட்டும். அதற்கு ஈரத் துடைப்புத்தான் வேண்டும்.

ஈரத் துடைப்பு

புதியவர்கள் முதல் தடவை இதை அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். சென்சரின் அளவுக்கேற்ற ஸ்வாப் தட்டையான சிறு துடுப்புப்போல உறையிட்டு விற்கப்படும். 36 க்கு 24 மில்லிமீற்றர் சென்சருக்கு 24 மி.மீ. அகலம், அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி வகைச் சென்சருக்கு 16 மி.மீ. அகலம். சென்சரின் உயரத்தை ஒரே இழுப்பில் மூட வேண்டும் என்பதே கணக்கு. காது துடைக்கும் பஞ்சுக் குச்சி நூல் விடும், அது வேண்டாம்.

சென்சருக்கென்றே விற்கும் திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட், மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை உலர்ந்த பின் கறை விடும். சில சென்சர் திரவங்கள் மெதனோல் கலந்தவை. எளிதில் தீப்பற்றும், நச்சும்கூட. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதலில் ஊதல், பிறகுதான் துடைப்பு. மணல் துணிக்கை ஒன்று மிஞ்சியிருந்தால் அதை ஸ்வாப் கண்ணாடியில் இழுத்துக் கீறிவிடும். ஸ்வாப்பின் நுனியில் இரண்டு துளி விட்டு, ஊற ஐந்து விநாடி கொடுங்கள். ஒரு ஓரத்தில் சற்றே சாய்த்து வைத்து, பேனையால் எழுதும் அழுத்தத்துக்கும் குறைவாக, மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. மறுபக்கத்துக்குச் சாய்த்து, அதே வழியில் திரும்ப ஒரு இழுப்பு. எடுத்து எறிந்துவிடுங்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் இரண்டாம் தடவைக்கு அது ஆகாது. சென்சர் அதிர்வுதடுப்பு உள்ள கமராவில் சென்சர் மிதந்து நிற்பதால் இன்னும் மெல்லிய கை வேண்டும்.

டி.எஸ்.எல்.ஆர். கமராவின் உள் கண்ணாடியை எதனாலும் துடைக்காதீர்கள். வீட்டுக் கண்ணாடிபோல் பின்புறம் பூசியது அல்ல அது. வெள்ளிப்பூச்சு முன்பக்கமே இருக்கிறது, துணி பட்டாலே கீறும். அதற்கு மேலே உள்ள குவியத் திரை மென்மையான பிளாஸ்டிக். ஷட்டர் இதழ்களும் மிக மெல்லியவை. மூன்றுக்கும் குமிழ்க் காற்று மட்டும், அதுவும் மெதுவாக.

அடுத்த தடவை வரை

கமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். மாரி காலத்தில் நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பதைத் தடுக்க அது வேண்டும்; ஈரப்பதம் 40 முதல் 50 வீதம் இருந்தால் நல்லது. ஆனால் பொட்டலம் கிழிந்து ஜெல்லின் தூள் கமராவில் பட்டால் மணலைப்போலக் கீறும். பொட்டலத்தைத் துணிப் பைக்குள் கட்டிப் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் அவை ஈரத்தைக் குடித்துவிட்டன என்று பொருள். சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் நீலமாகும்.

வயலில் லென்ஸை மாற்றியே ஆக வேண்டிய நேரம் வரும். அறுவடை இயந்திரம் நிற்கும் பக்கத்துக்கு முதுகைக் கொடுங்கள். வாகனம் இருந்தால் அதற்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள். கமராவை அணையுங்கள், அடுத்த லென்ஸின் பின்மூடியை முதலிலேயே தளர்த்தி வையுங்கள், கமராவின் வாயைக் கீழே பிடித்து மாற்றுங்கள். கழற்றிய மூடிகளைச் சட்டைப் பையில் போட வேண்டாம். பெரும்பாலான கமராக்களில் கமரா மூடியும் லென்ஸின் பின்மூடியும் ஒன்றுக்குள் ஒன்று திருகிப் பூட்டும். அப்படிப் பூட்டிவிட்டால் இரண்டின் உட்புறமும் ஒன்றையொன்று பார்த்து மூடிக்கொள்ளும், திரும்ப எடுக்கும்வரை தூசி படாது.